எலி கடித்த ஸ்பீக்கர்

பேப்பர் மில்ஸ் ரோட்டில்
இட்லிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே
ஆறடிக்கு எட்டடி என் கடை.
பரண்மேல் அமுல்ராஜ் விட்டுப்போன பில் புத்தகங்கள்,
கரையான் தின்றது போக மிச்சம்.

"22-12-67. நெவில், லோகோ வொர்க்ஸ், பாய்லர் ஷாப்.
வால்வ் ஆம்ப் ஒன்று. எலி ஸ்பீக்கரைக் கடித்துவிட்டது.
கோன் மாற்ற ரூ. 14."
கீழே சிவப்பு மையில்:
"மாற்ற வேண்டாமாம். பைத்தியம்."

கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஒரு பையன்
ஷேவிங் பிளேடால் தன் ஸ்பீக்கரைத் தானே கீறி
அந்தக் கரகரப்பை உலகத்துக்கே விற்றானாம்.
பெரம்பூரில் அந்த வேலையை எலி பார்த்தது.
எலிக்கு ராயல்டி கிடையாது.

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ் டான்ஸ்.
நெவில் கம்பியை ஒரு இழுப்பு இழுத்ததும்
வால்ட்ஸுக்கு எழுந்த ஆன்ட்டிகள் உட்கார்ந்தார்களாம்,
உட்கார்ந்திருந்த ஃபிட்டர்கள் எழுந்தார்களாம்.
அமுல்ராஜ் இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார்.
ஒவ்வொரு தடவையும்
ஃபிட்டர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

அதே வருஷம்தான் எங்கோ ஒரு மேடையில்
ஒருவன் மண்டியிட்டுக் கிடாரைக் கொளுத்தினான்.
நெவில் கொளுத்தவில்லை.
சௌகார்பேட்டையில் அடகு வைத்தான்,
தங்கை மொரீனின் கப்பல் டிக்கெட்டுக்கு.
மீட்க ஒன்றரை வருஷம்.
வட்டியும் நெருப்புதான், புகைதான் தெரியாது.

எழுபதாம் வருஷப் புத்தகத்துக்குள்
பழுத்துப்போன பேப்பர் துண்டு ஒன்று:
லட்சக்கணக்கில் ஜனம் சேற்றில் புரண்டு பாட்டுக் கேட்டதாம்,
மழையோ மழையாம், சரித்திரமாம்.
புளியந்தோப்பில் அதற்குப் பேர் நவம்பர்.

லண்டனில் மொட்டைமாடிக் கச்சேரியை
போலீஸ் வந்து நிறுத்தியது எல்லோருக்கும் தெரியும்.
ஜமாலியா மாடியில் நெவில் கோஷ்டியை நிறுத்தியது
கீழ்வீட்டு சுலைகா.
"கொழந்தைக்கு அம்ம போட்டிருக்கு" என்றாள், அவ்வளவுதான்.
சுவிட்சை அணைத்தார்கள்.
குழந்தை பிழைத்தது. பாண்டு பிழைக்கவில்லை.
டிரம்மர் பெர்த்துக்குப் போனான்,
பேஸ்காரன் அரக்கோணத்துக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபத்தொன்பதில்.
அதற்குள் அந்த ஆம்ப் காசிமேட்டு ஜெபக்கூடம் ஒன்றில்
அல்லேலூயாவைக் கரகரத்துக்கொண்டிருந்தது.
எண்பத்தைந்தில், ஒரே நாளில் இரண்டு கண்டத்தில் கச்சேரி,
உலகமே டிவி முன்னால் இருந்ததாம்.
எங்கள் தெருவில் கரண்ட் இல்லை.

தொண்ணூற்று நாலு ஏப்ரலில்
வியாசர்பாடிப் பையன் ஒருத்தன் வந்தான்,
அந்த வெயிலில் சட்டைக்கு மேல் கட்டம்போட்ட சட்டை.
யாரோ பாடகன் செத்துப்போனானாம், இருபத்தேழு வயசாம்.
பர்மா பஜார் கேசட், டேப் சிக்கியிருந்தது.
பென்சிலை விட்டுச் சுற்றிக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
அவனும் கொடுப்பதாக இல்லை.

போன மாசம் ஷேர் ஆட்டோவில், வலைக்கூடைக்கு அடியில்,
அந்த ஆம்ப் திரும்பி வந்தது.
கூடவே பிரிஸ்கா. விரல் நுனியெல்லாம் காய்ப்பு,
கிடாரா, மீன் செதிலா, கேட்கவில்லை.
"ஜெபக்கூடத்துல பழசெல்லாம் ஏலம் வுட்டாங்க. முந்நூறு ரூவா.
ஹம் மட்டும் எடுத்துக் குடுங்க. கோன்ல கை வெக்காதீங்க."
"கிழிஞ்சிருக்கேம்மா."
"அதாங்க வேணும்."

மதியமே முடித்துவிட்டேன்.
அவள் கிடாரைச் செருகி ஒரு தட்டு தட்டினாள்.
விடிகாலைத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின்
என் கடைக்குள் புகுந்த மாதிரி இருந்தது.
இட்லிக் கடையில் ஒருவர் காதைப் பொத்தினார்.
சைக்கிள் கடைப் பையன்
பஞ்சர் டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

பில் எழுதினேன்:
கெப்பாசிட்டர் இரண்டு, ரூ. 180.
கீழே எழுத
சிவப்புப் பேனாவைத் தேடினேன்.
நீலம்தான் இருந்தது.